மயக்க மருந்து நர்ஸ் படிப்புக்கு அமெரிக்க அரசுப் பணம்: யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது

தமிழ்நாட்டில் அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பவர் டாக்டர்தான். நர்ஸ் பக்கத்தில் நின்று உதவுவார். அமெரிக்காவில் அந்த வேலையையே முழுதாகச் செய்யும் நர்ஸ்கள் இருக்கிறார்கள். சி.ஆர்.என்.ஏ. என்று பெயர். முதுகுத்தண்டில் ஊசி போடுவது, மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது, அறுவை முடியும்வரை நோயாளியின் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வது எல்லாம் இவர்கள் கையில். இது புதிய ஏற்பாடும் அல்ல. மினசோட்டாவின் மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய ஆலிஸ் மகா என்ற நர்ஸ், தாங்கள் கொடுத்த 14,000க்கும் மேற்பட்ட மயக்க மருந்துகளைப் பற்றி 1906இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார்.

இந்தக் கட்டுரை, அமெரிக்காவில் ஏற்கெனவே நர்ஸாக இருக்கிற, அல்லது கிரீன் கார்டோடு அங்கே போய்ச் சேரப்போகிற தமிழர்களுக்கானது. படிப்பு நீளம், செலவு அதிகம். அரசு பணம் தருகிறது என்று காதில் விழுந்திருக்கும். தருகிறது என்பது உண்மைதான். ஆனால் பலர் நினைக்கிற இடத்தில், நினைக்கிற நேரத்தில், நினைக்கிற அளவில் தருவதில்லை.

அரசு ஏன் தருகிறது

இது தெரிந்தால்தான் விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்பது பிடிபடும். அமெரிக்கக் கிராமப்புறங்களில் ‘கிரிட்டிக்கல் ஆக்சஸ்’ மருத்துவமனை என்று ஒரு வகை உண்டு. 25 படுக்கைக்கு மேல் கூடாது. பொதுவாக அடுத்த மருத்துவமனை 35 மைலுக்கு அப்பால் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் மயக்க மருந்து டாக்டரை முழுநேரமும் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அறுவைகள் நடப்பதில்லை. கிராமப்புற மாவட்டங்களில் மயக்க மருந்து கொடுப்பவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் நர்ஸ்கள்தான் என்று அவர்களுடைய தேசிய சங்கமான ஏ.ஏ.என்.ஏ. சொல்கிறது. அந்த ஒரு நர்ஸ் வேலையை விட்டுப் போனால் முதலில் அறுவை அரங்கு நிற்கும். நள்ளிரவில் சிசேரியன் செய்ய ஆள் இல்லாத இடத்தில் பிரசவம் பார்க்க முடியாது என்பதால் அடுத்து பிரசவப் பிரிவையும் மூடுவார்கள்.

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் விதியும் இதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. ஆண்டுக்கு 800க்கு மேற்படாத அறுவைகள், ஒரு முழுநேர நர்ஸுக்கு மேற்படாத பணி என்ற வரம்புக்குள் இருக்கும் கிராமப்புற மருத்துவமனைக்கு அந்த நர்ஸுக்கான செலவை மெடிகேர் தன் பங்குக்கு அடக்கவிலைக் கணக்கில் ஈடுசெய்யும். டாக்டரின் மேற்பார்வை கட்டாயம் என்ற மெடிகேர் நிபந்தனையிலிருந்து மாநிலங்கள் விலகிக்கொள்ளலாம் என்று 2001இல் விதி வந்தது. முதலில் விலகிய மாநிலம் ஐயோவா. ஆக, ஆள் வேண்டும் என்பதும் எங்கே வேண்டும் என்பதும் அரசுக்குத் தெரியும். பணம் அந்தத் திசையை நோக்கித்தான் ஓடுகிறது.

முதல் படி: நீங்கள் தகுதியானவரா

படிப்புக்கான தகுதி ஒன்று, அரசுப் பணத்துக்கான தகுதி இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

படிப்பில் சேர இளநிலைப் பட்டம், அமெரிக்க மாநில நர்ஸ் உரிமம், தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு முழுநேர அனுபவம் ஆகியவை வேண்டும். ஓராண்டு என்பது ஏட்டளவுக் கணக்கு. நடைமுறையில் அதற்கு மேல் வைத்திருப்பவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். தீவிர சிகிச்சை நர்ஸ்களுக்கான சி.சி.ஆர்.என். சான்றிதழைப் பல கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. 2022 ஜனவரி முதல் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் இது முனைவர் நிலைப் படிப்பு. குறைந்தது 36 மாதங்கள். பயிற்சியில் குறைந்தபட்சம் 600 நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, 2,000 மணி நேர மருத்துவமனைப் பணியும் முடித்திருக்க வேண்டும். அதன் பிறகு தேசியச் சான்றிதழ்த் தேர்வு.

இந்தியாவில் படித்தவர்களுக்குத் தனியாக இரண்டு விஷயங்கள். மூன்றாண்டு ஜி.என்.எம். டிப்ளமோ மட்டும் இருந்தால் போதாது, அமெரிக்காவில் பி.எஸ்.என். என்ற நர்சிங் இளநிலைப் பட்டத்துக்கான இணைப்புப் படிப்பை முடித்தாக வேண்டும். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. நர்சிங் இருந்தாலும் மதிப்பெண் பட்டியலை ஒரு மதிப்பீட்டு நிறுவனம் வழியாக அமெரிக்க அளவுகோலுக்கு மாற்ற வேண்டும். நம் ஊரில் 65 சதவீதம் நல்ல மதிப்பெண். அங்கே அது வேறு மாதிரி தெரியலாம். பல கல்லூரிகள் வேதியியல், புள்ளியியல் போன்ற பாடங்களைச் சில ஆண்டுகளுக்குள் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும். உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியில் அவற்றை மீண்டும் படித்து நல்ல தரநிலை வாங்கினால் இரண்டு சிக்கலும் ஒரே செலவில் தீரும்.

அரசுப் பணத்துக்கு வந்தால், குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவருக்கு இங்கே பேசப்படும் கூட்டாட்சி உதவிகள் பெரும்பாலும் கிடையாது. ஹெச்-1பி, ஹெச்-4 விசாவில் இருப்பவர்கள் விண்ணப்பம் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஏஜென்சி மூலம் இ.பி.-3 என்ற வேலைவழிக் குடியேற்ற வகையில் வந்த நர்ஸ்களுக்கு இறங்கும்போதே நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிடுகிறது. ஆனால் ஏஜென்சியோடு போட்ட ஒப்பந்தக் காலம் முடியாமல் விலகினால் அபராதம் இருக்கும். அந்தக் காலத்திலேயே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றம் கேட்டு வாங்கிவிட்டால் ஒப்பந்தமும் அனுபவமும் ஒன்றாக முடியும்.

இரண்டாம் படி: ஊரை முதலில் யோசியுங்கள்

கல்லூரிக்கு முன் ஊரா என்று கேட்கலாம். ஆம். பெரிய தொகை எல்லாமே ‘நீங்கள் எங்கே வேலை செய்வீர்கள்’ என்பதில்தான் தொங்குகிறது. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், படித்து முடித்தபின் பெருநகரத்தில் வேலை எடுத்துவிட்டு, எந்தத் திட்டத்துக்கும் பொருந்தாமல் போகிறார்கள்.

மருத்துவ வசதி குறைந்த பகுதிகளை ஹெர்சா என்ற கூட்டாட்சி அமைப்பு அடையாளம் காட்டுகிறது. அந்த அடையாளத்தை எல்லோரும் ‘ஹிப்சா’ என்று சுருக்கிச் சொல்வார்கள். மக்கள்தொகைக்கு எத்தனை மருத்துவர், வறுமை எவ்வளவு, அடுத்த மருத்துவ வசதி எவ்வளவு தூரம் என்பவற்றை வைத்து மதிப்பெண் போடுவார்கள். முதன்மைச் சிகிச்சைக்கு 0 முதல் 25 வரை. எண் கூடக் கூடத் தட்டுப்பாடு அதிகம் என்று பொருள். ஹெர்சாவின் தரவு இணையதளத்தில் மருத்துவமனையின் முகவரியைத் தட்டினால் உடனே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு கோணல் இருக்கிறது. ஹிப்சாவில் மூன்றே வகைதான்: முதன்மைச் சிகிச்சை, பல், மனநலம். மயக்க மருந்துத் தட்டுப்பாட்டுக்கென்று தனி வகை கிடையாது. மயக்க மருந்து நர்ஸுக்காகப் பல மாதம் விளம்பரம் செய்துகொண்டிருக்கும் ஊரில் குடும்ப மருத்துவர்கள் போதுமான அளவு இருந்தால், அந்த ஊர் பட்டியலில் வராமல் போகலாம். எனவே ‘கிராமம்தானே, இருக்கும்’ என்று நம்பி வேலைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மறுபுறம், பெருநகரத்தின் ஏழைப் பகுதிகளும் இந்தப் பட்டியலில் உண்டு. பள்ளி, கோவில், மளிகைக்கடை என்று குடும்பத்தோடு யோசிப்பவர்கள் அந்தப் பக்கமும் தேடிப் பார்க்கலாம்.

ஊர்ப் பெயர்களைக் குறித்துக்கொண்டபின் ஒருமுறையாவது அங்கே போய்ப் பாருங்கள். அங்கிருக்கும் மயக்க மருந்து நர்ஸோடு ஒரு நாள் கூடவே இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கல்லூரி விண்ணப்பத்துக்கும் அந்த நாள் பயன்படும். வாரத்தில் எத்தனை இரவு அழைப்புப் பணி, கடினமான மூச்சுக்குழாய் வந்தால் உதவிக்கு யார், பிள்ளைபெற வந்தவருக்கு வலி நீக்க ஊசி யார் போடுகிறார்கள் என்று கேளுங்கள். தனியாக முடிவெடுக்கும் வேலை எல்லோருக்கும் ஒத்துவராது. ஒத்துவராதவர் கடன் தள்ளுபடிக்காக மட்டும் போனால் அவருக்கும் நல்லதல்ல, நோயாளிக்கும் நல்லதல்ல.

மூன்றாம் படி: மானியம் வாங்கும் கல்லூரியைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படிப்புக்கென்றே இருக்கும் கூட்டாட்சித் திட்டத்தின் பெயர் நர்ஸ் அனஸ்தெடிஸ்ட் டிரெய்னிஷிப். பொதுச் சுகாதாரச் சேவைச் சட்டத்தின் 811ஆம் பிரிவில் வருகிறது, ஹெர்சா நடத்துகிறது. ஹெர்சாவின் இணையதளத்தில் மாணவர் விண்ணப்பப் படிவத்தைத் தேடினால் கிடைக்காது. அப்படி ஒன்று இல்லை. கல்லூரி விண்ணப்பிக்கிறது, கல்லூரிக்கு மானியம் போகிறது, கல்லூரி தன் மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது.

மானியம் கேட்கும் கல்லூரிகளில், பயிற்சியால் கிராமப்புற, வசதி குறைந்த மக்கள் கணிசமாகப் பயன்பெறுவார்கள் என்று காட்டும் கல்லூரிக்குச் சட்டமே முன்னுரிமை தருகிறது. தட்டுப்பாட்டுப் பகுதிகளில் பணியாற்றப்போகிறவர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரிக்கும் தனிக் கவனம் உண்டு. அதாவது, கல்லூரியின் பழைய மாணவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்பது நீங்கள் பெறும் உதவியோடு தொடர்புடையது.

பயிற்சி உதவித்தொகையைக் கல்விக் கட்டணம், புத்தகம், பிற கட்டணங்கள், நியாயமான வாழ்க்கைச் செலவு ஆகியவற்றுக்குப் பயன்படுத்தலாம். முழுநேர மாணவராக இருக்க வேண்டும். தொகையைப் பற்றிப் பெரிய கனவு வேண்டாம். நாடு முழுவதற்கும் ஒதுக்கப்படும் பணம் சிறியது. அதைப் பல கல்லூரிகள் பங்கிட்டு, ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவர்களுக்குப் பங்கிடுகிறது. கட்டணத்தில் ஒரு சிறு பகுதிதான் தேறும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்கினால்தான் அதுவும் உண்டு.

ஒரு கல்லூரி இந்த மானியம் பெற்றிருக்கிறதா என்று பார்க்க ஹெர்சாவின் தரவுத் தளத்தில் மானியப் பட்டியல் இருக்கிறது. திட்ட எண் 93.124. அந்த எண்ணை வைத்துத் தேடினால் மாநிலவாரியாகக் கல்லூரிப் பெயர்கள் வரும். பிறகு கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்கு எழுதுங்கள். கேட்க வேண்டியவை இவை: கடந்த ஆண்டு மாணவர் ஒருவருக்கு ஏறத்தாழ எவ்வளவு கிடைத்தது? எல்லோருக்கும் சமமாகவா, தேவையைப் பார்த்தா? எந்த ஆண்டு மாணவர்களுக்கு? வேறு கூட்டாட்சி உதவித்தொகையோடு சேர்த்து வாங்கலாமா? ஏதாவது சேவை நிபந்தனை உண்டா? இந்தக் கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் அலுவலகம் பின்னாளில் உங்கள் கடன் கோப்பையும் ஒழுங்காக வைத்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

வாழ்க்கைச் செலவுக்கென்று வாங்கும் பகுதிக்கு வருமான வரி உண்டு. கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகும் பகுதிக்கு இல்லை. ரசீதுகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மானியத்தைவிட முக்கியமாக நான் பார்ப்பது, கல்லூரி மாணவர்களை எந்த மருத்துவமனைகளுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறது என்பதை. கிராமப்புற மருத்துவமனையில் சில மாதப் பயிற்சி உள்ள கல்லூரி என்றால், படிக்கும்போதே அங்கே உங்கள் முகம் பழகிவிடும். வேலையும் பல சமயம் அங்கிருந்தே வரும்.

நான்காம் படி: மூன்று ஆண்டுச் சோறு

படிக்கும் காலத்தில் வேலை செய்ய முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல கல்லூரிகள் வெளிப்படையாகவே வேண்டாம் என்கின்றன. கட்டணம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள்; மூன்று ஆண்டு சம்பளம் இல்லாமல் வீட்டு வாடகைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் என்ன வழி என்பதைக் கேட்பவர் குறைவு. அதுதான் பெரிய செலவு. கணவனோ மனைவியோ வேலையில் இருந்தால் அவருடைய காப்பீட்டில் சேர்ந்துகொள்ளுங்கள். ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்கள், இந்த மூன்று ஆண்டு அது குறையும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கூட்டாட்சிக் கல்விக்கடன் வாங்க எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. என்ற மாணவர் உதவி விண்ணப்பப் படிவத்தை நிரப்ப வேண்டும். இங்கே 2025இல் வந்த சட்டம் கணக்கை மாற்றிவிட்டது. படிப்புச் செலவு முழுவதற்கும் கடன் தந்துகொண்டிருந்த கிராட் பிளஸ் திட்டம் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு இல்லை. சாதாரண மேற்படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1 லட்சம் டாலர் என்று வரம்பு. ‘தொழில்முறை’ப் படிப்பு என்று வகைப்படுத்தப்பட்டால் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம். 2025 நவம்பரில் கல்வித்துறை முன்வைத்த வரையறையில் நர்சிங் பட்டங்கள் அந்தத் தொழில்முறைப் பட்டியலில் இடம்பெறவில்லை. நர்ஸ் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. நீங்கள் சேரும் ஆண்டில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 20,500 டாலரில் இந்தப் படிப்பு நடக்காது. மிச்சத்தைத் தனியார் கடனில் எடுத்தால், அது அரசுத் தள்ளுபடித் திட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நடத்தப்படாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இதற்கு மாற்றாகச் சில மருத்துவமனைகளும் மயக்க மருந்துக் குழுக்களும் படிக்கும்போதே மாதப் படி தருகின்றன. பதிலுக்குச் சில ஆண்டுகள் அவர்களிடம் வேலை செய்ய வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், வட்டி உண்டா? நிர்வாகம் கைமாறினால் ஒப்பந்தம் என்னாகும்? எந்த ஊர் என்று பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, அல்லது ‘நிறுவனம் தீர்மானிக்கும் இடம்’ என்று இருக்கிறதா? வக்கீலுக்குக் கொடுக்கும் சில நூறு டாலர் இங்கே வீண் செலவல்ல.

ராணுவத்தில் சேர்ந்தால் சம்பளத்தோடு படிக்கலாம். அது தனி வாழ்க்கை, தனிக் கட்டுரை.

ஐந்தாம் படி: படித்தபின் கடனை அடைக்கும் திட்டங்கள்

பெரிய பணம் இங்கேதான். ஹெர்சாவின் நர்ஸ் கோர் கடன் அடைப்புத் திட்டம், இரண்டு ஆண்டுச் சேவைக்குத் தகுதியான நர்சிங் கல்விக்கடனில் 60 சதவீதம் தருகிறது. மூன்றாம் ஆண்டும் தொடர அனுமதி கிடைத்தால் இன்னும் 25 சதவீதம். வாரத்துக்குக் குறைந்தது 32 மணி நேரம், ஹிப்சா பகுதியில் உள்ள, தகுதிபெற்ற அரசு அல்லது லாபநோக்கற்ற நிலையத்தில் பணி செய்ய வேண்டும். கிரிட்டிக்கல் ஆக்சஸ் மருத்துவமனைகள் அந்த வகைகளில் ஒன்று. விண்ணப்பக் காலம் ஆண்டுக்கு ஒருமுறை, சில வாரங்களே திறந்திருக்கும். இந்தப் பணத்துக்கு வரி உண்டு.

ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். பணத்தேவை அதிகம் உள்ளவருக்கே இந்தத் திட்டத்தில் முன்னுரிமை. கடனைச் சம்பளத்தோடு ஒப்பிட்டே தேவையை அளக்கிறார்கள். கடன் சம்பளத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் நல்லது. மயக்க மருந்து நர்ஸின் ஆண்டுச் சம்பளம் பொதுவாக 2 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. 1,50,000 டாலர் கடன் உள்ள சாதாரண நர்ஸ் வரிசையில் முன்னால் நிற்பார். அதே கடனோடு நீங்கள் பின்னால் நிற்பீர்கள். இதை மட்டும் நம்பித் திட்டமிடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதோடு வேறு சில வழிகளும் உண்டு. தேசியச் சுகாதாரச் சேவைப் படையின் கிராமப்புறக் கடன் அடைப்புத் திட்டத்தில், போதை அடிமைத்தனத்துக்குச் சிகிச்சை தரும் அங்கீகரிக்கப்பட்ட கிராமப்புற நிலையங்களில் மூன்றாண்டு முழுநேரம் பணி செய்தால் 1 லட்சம் டாலர்வரை. மயக்க மருந்து நர்ஸ்களும் அதில் சேரலாம். அமெரிக்கப் பழங்குடியினருக்கான சுகாதாரச் சேவையின் மருத்துவமனைகளில் இரண்டு ஆண்டுக்கு 50,000 டாலர்வரை. மாநிலங்கள் தனியாகவும் திட்டங்கள் வைத்திருக்கின்றன; ஐம்பது மாநிலங்களிலும் கிராமப்புறச் சுகாதார அலுவலகம் ஒன்று உண்டு, ஒரு மின்னஞ்சல் போட்டால் சொல்வார்கள். காலி இடங்களைத் தேட த்ரீ-ஆர்நெட் என்ற லாபநோக்கற்ற இணையதளம் பயன்படும். கற்பிக்கும் ஆசை உள்ளவர்கள் நர்ஸ் ஆசிரியர் கடன் திட்டத்தில் தங்கள் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு ஆண்டு ஆசிரியப் பணிக்கு அந்தக் கடனில் 85 சதவீதம்வரை ரத்தாகும்.

பொதுச் சேவைக் கடன் மன்னிப்பு பற்றிப் பலருக்குத் தெரியும்: அரசு அல்லது லாபநோக்கற்ற நிறுவனத்தில் இருந்தபடி 120 தவணை கட்டினால் மீதி ரத்து. நம் துறையில் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. மருத்துவமனை லாபநோக்கற்றதாக இருக்கும். ஆனால் மயக்க மருந்துப் பணியை ஒரு தனியார் குழுவிடம் ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கும். உங்கள் சம்பளச் சீட்டில் அந்தக் குழுவின் பெயர் இருந்தால் 120 தவணை கட்டியும் பயனில்லை. மருத்துவமனையின் பெயர்ப்பலகையைப் பார்க்காமல், வரிப் படிவம் டபிள்யூ-2இல் யார் பெயர் வரும் என்று வேலைக்கு முன்பே கேளுங்கள்.

ஆறாம் படி: கையெழுத்துக்குப் பிறகு

நர்ஸ் கோரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்களும் மருத்துவமனையும் பணியை உறுதிசெய்ய வேண்டும். நினைவூட்டல் மின்னஞ்சல் குப்பையில் விழுந்தது என்பது சாக்காகாது. வேறு மருத்துவமனைக்கு மாற நினைத்தால் முதலில் அனுமதி, பிறகு ராஜினாமா. இந்த வரிசை மாறினால் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிவிடுவீர்கள், வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டிவரும்.

விடுப்புக்கும் கணக்கு உண்டு. ஒரு சேவை ஆண்டில் ஏறத்தாழ ஏழு வாரம், அதாவது 35 வேலை நாள்வரை பணியிடத்தை விட்டு விலகியிருக்கலாம். பண்டிகை விடுமுறை, காய்ச்சல், பயிற்சி மாநாடு, ஊருக்கு வந்து போவது எல்லாம் இதற்குள்தான். தங்கை கல்யாணத்துக்கு ஆறு வாரம் வந்து தங்கிவிட்டு, அதே ஆண்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று இன்னொரு முறை புறப்பட வேண்டி வந்தால், கிளம்பும் முன் திட்ட அலுவலகத்துக்கு எழுதி இடைநிறுத்தம் கேட்டுவிடுங்கள். சேவை முடியும் தேதி அத்தனை நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.